மிச்சம் வைக்காத பிள்ளை

பிள்ளை பிறந்த ஐம்பத்திரண்டாம் நாள் மாலை, தீர்த்தகிரி ஒரு பால்மாவு டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். வார்ப்படத் தொழிற்சாலையின் கரியும் இரும்புத் தூளும் அவன் சட்டையிலும் புருவத்திலும் படிந்திருந்தன. டின்னில் மட்டும் ஒரு பொட்டுக் கரி கிடையாது; வழி நெடுக அதைத் துண்டில் பொதிந்து எடுத்து வந்திருந்தான். எண்பத்தொன்றாம் ஆண்டு மார்கழி அது. ஓசூர்ப் பனி ஐந்து மணிக்கே இறங்கி, பன்னிரண்டு குடித்தனங்கள் வரிசையாக ஒட்டியிருந்த அந்த லைன் வீடுகளின் கல்நார்க் கூரையில் ஈரமாகக் கோத்து நின்றது. அடுப்படியில் களி கிளறிக்கொண்டிருந்த முனிலட்சுமி, துடுப்பைப் பானைக்குள்ளேயே நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னா மாமா அது?”

“புள்ளைக்கு. நாளையிலருந்து இதான்.”

“எனக்குப் பாலு இல்லன்னு எவ சொன்னா உங்கிட்ட? பொழுது விடியறதுக்குள்ள ரெண்டு ரவிக்க நனையுது.”

“இல்லன்னு நான் சொன்னனா? எங்கம்மாளுக்கும்தான் இருந்திச்சி. அதான் பயமே.”

அந்தப் பயத்துக்கு வயது இருபத்திரண்டு. உத்தனப்பள்ளியில் பெரிய வீட்டு ராஜப்பனின் ராகிக் கொல்லையில் தீர்த்தகிரியின் தாய் மாரம்மா களையெடுத்தாள். அவளைப் பெற்றவளும் அங்கேதான் எடுத்தாள். பிடித்த வரிசை முடியும்வரை களைக்காரி கரையேறக் கூடாது என்பது அந்தக் கொல்லையின் சட்டம். கரையில் புங்கமரத்துக் கிளையில் ஒரு தூளி. தூளிக்குள் ஏழு மாதத்துப் பிள்ளை ஆஞ்சப்பன். தூளியை ஆட்ட ஏழு வயது அண்ணன் தீர்த்தகிரி. பிள்ளை அழும். வரிசையில் குனிந்திருக்கும் மாரம்மாவின் சேலை மார்பில் நனையும். வரிசை முடியாது. உச்சிப் பொழுதில் அவள் ஓடி வரும்போது பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கியிருப்பான். எழுப்பி வாயில் வைத்தால் உறிஞ்சத் திராணி இருக்காது. ஆடிக் காற்றில் ஒருநாள் தூளி தானாகவே ஆடிக்கொண்டிருந்தது, பிள்ளை எழவில்லை. அதே மாதம், பெரிய வீட்டுப் புழக்கடையில் கூழுக்கு நின்றபோது, ராஜப்பனின் மனைவி சென்னம்மாள் மடியில் ஒரு பிள்ளையைத் தீர்த்தகிரி பார்த்தான். தொடையில் மூன்று மடிப்பு. வெள்ளி அரைஞாண் சதைக்குள் புதைந்து கிடந்தது. பக்கத்தில் பெங்களூரிலிருந்து வந்த டின். ஏழு வயது மூளை தனக்குத்தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டது: முலைப்பால் குடிக்கிற பிள்ளை சாகும், டின் பால் குடிக்கிற பிள்ளை வாழும். அதற்குப் பிறகு எத்தனையோ தீர்ப்புகளை வாழ்க்கை அவனுக்கு மாற்றிக் காட்டியது. இதை மட்டும் அவன் மறுவிசாரணைக்கு விடவே இல்லை. தன் மகனுக்கும் ஆஞ்சப்பன் என்றே பெயர் வைத்தான்.

“நான் தாயிப்பாலு குடிச்சிதான் வளந்தன். நீயும் அதான குடிச்ச. நாம செத்தா போய்ட்டம்?” என்றாள் முனிலட்சுமி.

“நாம வளந்த லட்சணத்தப் பாரு. மொழங்கையப் பாரு. களத்துல சட்டயக் கழட்டினா எலும்ப எண்ணி வெளையாடுவானுங்க பெரியவூட்டுப் பசங்க. எம்புள்ள எலும்ப ஒருத்தனும் எண்ணக் கூடாது. அவ்ளோதான் லட்சுமி.”

அவளுக்குப் பத்தொன்பது வயது. பிறந்த ஊரான சிங்காரப்பேட்டை, பஸ் மாறி மாறிப் போகவேண்டிய தூரத்தில் இருந்தது. கணவன் குடிக்கிறவன் அல்ல, கை நீட்டுகிறவன் அல்ல, இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்து டின் வாங்கி வருகிறவன். கொடுமை தடியோடு வந்தால் ஊரைக் கூப்பிடலாம். அன்போடு வந்தால் யாரைக் கூப்பிடுவது? அவள் துடுப்பை எடுத்து மறுபடியும் களியைக் கிளறினாள்.

தாய்ப்பால் நிறுத்திய இரண்டாம் நாளே பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாகிக் காய்ச்சல் கண்டது. அடுத்த குடித்தனத்து வெங்கடம்மா பஸ் நிலையத்தில் பூக்கட்டி விற்கிறவள். வீட்டில் தெலுங்கு, வெளியே எந்த மொழியில் கேட்டாலும் அந்த மொழி. ஒரு முறம் மல்லிகையோடு வந்து கதவைச் சாத்தினாள்.

“ரவிக்கயக் கழட்டுமே. பூவ வெச்சி இறுக்கக் கட்டு. மூணு நாள்ல வத்திரும்.”

“வலிக்குதுக்கா.”

“வலிக்காம? எங்க ஊருல புள்ள செத்த வூட்டுக்குத்தான் இதுக்குன்னு பூ குடுப்போம். புள்ள உசுரோட கெடக்கற வூட்டுக்குக் குடுக்கறது இதான் மொதலு.” வெங்கடம்மா துணியை இழுத்து முடிச்சிட்டாள். “உன் வூட்டுக்காரன ஒண்ணு கேளுமே. கறவ எரும வாங்கியாந்தா, மடியக் கட்டிப் போட்டுட்டு டின்னு வாங்கப் போவானா?”

முனிலட்சுமி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாலைக்குள் பூ முழுவதும் மார்பின் சூட்டில் வெந்து பழுப்பாயிற்று. அவிழ்த்துப் போட்டுப் புதிய பூ வைத்துக் கட்டினார்கள். மூன்று நாள் அந்த வீட்டில் கல்யாண வீட்டு வாசனை. நான்காம் நாள் மார்பு தளர்ந்து, வெறும் தோலாயிற்று. அதன்பின் அவள் தலையில் மல்லிகை வைத்ததை யாரும் பார்க்கவில்லை.

டின்னின்மேல் ஒரு குழந்தையின் படம் இருந்தது. கன்னமும் தாடையும் ஒன்றாகி, கழுத்தே இல்லாமல் சிரிக்கும் குழந்தை. எத்தனை கரண்டி, எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் இங்கிலீஷிலும் இந்தியிலும் அச்சிட்டிருந்தது. தீர்த்தகிரி படத்தை மட்டும் படித்தான். கரண்டியைத் தட்டாமல் குவித்துப் போட்டான். போட்டதற்குமேல் ஒன்று போட்டான். இரண்டு கரண்டி சர்க்கரையும் போட்டுக் கலக்கினான். வாரத்துக்கு ஒருமுறை டின்னைப் பிள்ளையின் முகத்துக்கு அருகே பிடித்து, இன்னும் எவ்வளவு பாக்கி என்று பார்த்தான்.

மாவுக்கும் சர்க்கரைக்கும் மேலே அவன் சேர்த்த இன்னொன்றும் உண்டு. அது ஒரு விதி. புட்டியில் ஒரு சொட்டு மிச்சம் இருக்கக் கூடாது.

“மிச்சம் வெச்சிக் கீழ ஊத்தறதுக்கு நாம பெரியவூட்டுக்காரங்க இல்ல,” என்பான்.

பிள்ளை முக்கால் புட்டி குடித்துவிட்டு முகத்தை இடப்பக்கம் திருப்பும். ரப்பர்க் காம்பும் இடப்பக்கம் போகும். வலப்பக்கம் திருப்பும். அதுவும் வலப்பக்கம் போகும். உதட்டை இறுக்கிக்கொண்டால், தீர்த்தகிரி இரண்டு விரலால் மூக்கை இலேசாகப் பிடிப்பான். மூச்சுக்கு வாய் திறக்கும். திறந்த வாயில் காம்பு நுழையும். அவன் முகத்தில் அப்போது கோபம் கிடையாது, கொஞ்சலே இருக்கும். நான்காம் மாதத்தில் பிள்ளை முகம் திருப்புவதை விட்டுவிட்டான். கொடுத்தது தீரும்வரை குடித்தான். “கத்துக்கிட்டான் பாத்தியா,” என்றான் தகப்பன்.

ஊசி போட லைனுக்கு வரும் நர்ஸ் நாராயணம்மா, ராயக்கோட்டைப் பக்கத்துக் கன்னடக்காரி. ஒருநாள் முனிலட்சுமி புட்டி கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“பாலு இல்லையாம்மா உனக்கு?”

“வத்திருச்சிங்க சிஸ்டர்.”

“வத்திச்சா, வத்த வெச்சீங்களா?”

முனிலட்சுமி புட்டியின் கோட்டைப் பார்த்தாள். அடுத்த குடித்தனத்து வாசலிலிருந்து வெங்கடம்மாவின் குரல் வந்தது. “எங்கிட்ட கேளுங்க நர்சம்மா, பூவுக்கு எவ்ளோ ஆச்சின்னு நான் சொல்றன்.”

நாராயணம்மா உட்கார்ந்துவிட்டாள். “இங்க பாரம்மா. மாருல குடிக்கற புள்ள, போதும்னா தானா வாய எடுத்துக்கும். உன் மாருல எவ்ளோ மிச்சம் கெடக்குதுன்னு உனக்கும் தெரியாது, உன் புருசனுக்கும் தெரியாது. அதனால திணிக்க மாட்டீங்க. புட்டில கோடு போட்டிருக்குது பாரு, அதான் வெனை. நீங்க புள்ள மொகத்தப் பாக்கறதில்ல, கோட்டப் பாக்கறீங்க. பேடம்மா பேடா. வேணாம். இவனுக்குப் போதும்னு ஒண்ணு இருக்கறதே தெரியாமப் போயிரும்.”

இதை அன்றிரவு கணவனிடம் சொன்னபோது அவன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “அந்தம்மா புள்ளைங்க குண்டா, ஒல்லியா?”

தொழிற்சாலையில் அவனுக்கு எடைப் பிரிவில் வேலை. பழைய இரும்பு ஏற்றிவரும் லாரிகளை நிறுப்பவன், எடையைத் தவிர வேறு எதையும் முழுதாக நம்பமாட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓய்ந்திருக்கும் நேரத்தில், காவல்காரன் வெங்கடப்பனிடம் சொல்லிவிட்டு, மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் மகனைக் கிடத்துவான். அதன் துருப்பிடித்த பலகையில் துண்டை விரித்துப் படுக்க வைத்து, குண்டை நகர்த்தி, முள் நடுவில் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருப்பான். முள் நின்றதும் வெங்கடப்பன் உரக்கச் சொல்வான். “எட்டரை. டேய் தீர்த்தா, வார்ப்புல ஊத்தி எடுத்தியா?” அந்த வாரம் முழுவதும் தீர்த்தகிரி அந்தச் சொல்லை வாயில் போட்டுச் சுவைத்துக்கொண்டு நடப்பான்.

அடுத்த ஆண்டு ஆயுத பூஜை. எந்திரங்களுக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் வாரி இறைத்தபின், தொழிலாளர் நலச் சங்கம் பந்தலில் கொழுகொழு குழந்தைப் போட்டி நடத்தியது. பால்மாவு விற்கிற முகவர் ஒருவர் பரிசுகளுக்குப் பொறுப்பேற்றிருந்தார். சிறப்பு விருந்தினராக, தன் கொல்லைகளில் பாதியைத் தொழிற்பேட்டைக்கு விற்றுவிட்டு வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தவர், உத்தனப்பள்ளிப் பெரிய வீட்டு ராஜப்பன்.

பதினான்கு குழந்தைகள் தராசேறின. மற்றவை எட்டு, ஒன்பது என்று நின்றபோது, ஆஞ்சப்பன் பதின்மூன்று கிலோ இருநூறு கிராமில் முள்ளை நிறுத்தினான். கைதட்டினார்கள். ராஜப்பன் எழுந்து வந்து, பரிசான எவர்சில்வர் குடத்தை ஒரு கையிலும் பிள்ளையை மறுகையிலும் தாங்கிக்கொண்டு, தகப்பனைப் பார்த்தார்.

“யார்ரா இது, மாரம்மா மவன் தீர்த்தனா? உம்புள்ளையாடா இது? அட, எங்கூட்டுப் புள்ளையாட்டம் இருக்குதே.”

பந்தல் சிரித்தது. தீர்த்தகிரியும் சிரித்தான். இருபத்து மூன்று ஆண்டுகளாக அவன் காத்திருந்த சொல் அது. முனிலட்சுமி மட்டும் வேறொன்றைப் பார்த்தாள். கணவனின் தோளில் கிடந்த துண்டு, அவனை அறியாமலே இடுப்புக்கு இறங்கியிருந்தது. தொழிற்சங்க அட்டை சட்டைப் பையில் இருந்தது. முதுகோ ராகிக் கொல்லைக் கரையில் வளைந்த மாதிரியே வளைந்திருந்தது. பிள்ளையின் எடையை ஏற்றியவன் தன் முதுகை நிமிர்த்த மறந்துவிட்டான்.

குடத்தின் கழுத்தில் பெயரும் ஆண்டும் வெட்டியிருந்தது. அன்று முதல் அந்தக் குடத்தில்தான் லைன் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்தாள் முனிலட்சுமி. இடுப்பில் வைத்தால் வெட்டிய எழுத்து விலாவில் உரசும்.

டின் நின்றபின் நெய்ச்சோறு வந்தது. நெய்ச்சோற்றோடு பிஸ்கட் வந்தது. சத்துமாவு, வாழைப்பழம், முட்டை, பேக்கரி பன் எல்லாம் வந்தன. அவளும் அவனும் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் தின்று, பிள்ளையின் தட்டை நிரப்பினார்கள். விதி மாறவில்லை. தட்டில் பருக்கை கிடந்தால் தகப்பனின் இரண்டு விரல்கள் மூக்கருகே விளையாட்டாக வரும். பையன் அதைப் பார்த்ததும் வாய் திறப்பான். சாப்பிடும்போது அவன் சோற்றைப் பார்க்கமாட்டான், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பான். முகம் திருப்தியானால் எழுந்திருப்பான். ஐந்து வயதில் தகப்பன் கடைசியாக அவனைத் தராசில் ஏற்றிய அன்று, வெங்கடப்பன் கதவோரம் நின்று, “இன்னா தீர்த்தா, இரும்போட சேத்து லாரில ஏத்திரலாமா?” என்றான். கேட்டவன் கெட்டவன் அல்ல. ஆனால் பக்கத்தில் நின்ற நாலுபேர் சிரித்த சிரிப்பு, பந்தலில் சிரித்த சிரிப்பு அல்ல. தீர்த்தகிரி அதன்பின் மகனை எடைக்கு அழைத்துப் போகவில்லை. ஊட்டுவதை மட்டும் விடவில்லை.

எண்பத்தொன்பதாம் ஆண்டு ஆடி. ஆஞ்சப்பன் மூன்றாம் வகுப்பு. முனிலட்சுமி எட்டு ஆண்டுக்குப்பின் மறுபடியும் முழுகாமல் இருந்தாள், மூன்றாம் மாதம். இடையில் இரண்டு கரு தங்காமல் போயிருந்தன. சாரல் பிசுபிசுத்த ஒரு நண்பகல், பையன் மறந்துவிட்டுப் போன கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். சத்துணவு வேளை. தாழ்வாரத்தில் பிள்ளைகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். வரிசையின் கோடியில், சம்மணம் கூடாமல் கால்களை நீட்டிக்கொண்டு ஆஞ்சப்பன்.

தின்று முடித்த ஒரு பையன் எழுந்து வந்து, தன் தட்டிலிருந்த சோற்றை ஆஞ்சப்பன் தட்டில் வழித்துப் போட்டான்.

“மூட்ட, இந்தா. ரொப்பிக்கோ.”

அடுத்து ஒரு பெண். அடுத்து இரண்டு பேர். சிரிப்பில்லாமல், வழக்கமான வேலையைச் செய்கிறவர்கள்போல, வரிசையாக வந்து கொட்டிவிட்டுத் தட்டு கழுவப் போனார்கள். ஆஞ்சப்பன் யாரையும் திட்டவில்லை, அழவில்லை, கூச்சப்படவுமில்லை. எல்லார் எச்சிலையும் ஒன்றாகப் பிசைந்து தின்றான். நெற்றியில் வேர்வை வழிந்தது. வாயால் மூச்சு விட்டான்.

ஆயா காளியம்மாள் கரண்டியோடு வந்து முனிலட்சுமியின் பக்கத்தில் நின்றாள். “உம்மவனா? நல்ல புள்ளம்மா. அவன் வந்தா பன்னிக்குப் போட ஒண்ணியும் கெடைக்கறதில்ல.”

முனிலட்சுமி மகனின் கையைப் பிடித்து எழுப்பி, சுவரோரம் கூட்டிப்போனாள்.

“ஏன்டா தின்ன? பசிச்சிதா?”

“இல்லம்மா. வயிறு வலிக்குது.”

“அப்ப ஏன்டா?”

அவளுடைய முகத்தை அவன் புரியாமல் பார்த்தான். “தட்டுல இருந்திச்சே. மிச்சம் வெக்கக் கூடாதில்லம்மா?”

நாராயணம்மா அவனைச் சோதித்துவிட்டுக் கிருஷ்ணகிரிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாள். நாற்பத்து மூன்று கிலோ. இரவில் குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வருவதையும், தொடை இடுக்கில் தோல் உரிந்திருப்பதையும், முழங்கால் உள்ளே வளைவதையும் பார்த்த டாக்டர், இப்படியே போனால் பத்து வயதில் இவன் கால் இவனைத் தாங்காது என்றார்.

“அந்த டின்னாலயா சிஸ்டர்?” திரும்பி வந்து முனிலட்சுமி கேட்டாள்.

நாராயணம்மா டாக்டர் சீட்டை மடித்துக் கொடுத்தாள். “டின்னு குடிச்ச புள்ளையெல்லாம் இப்படி ஆவறதில்லம்மா. தாயிப்பாலு குடிச்சதுல குண்டானதும் இருக்குது. பொய் சொல்லக் கூடாது. ஆனா தாயிப்பாலு குடிக்கற புள்ளைக்கு இந்த ஆபத்து கொறைவு. அது தன் வயித்தக் கேட்டுக் குடிக்கும். இவன் வயித்த இவன் கேக்கறதுக்கு நீங்க உடவே இல்லையே. ஆறு மாசத்துக்குள்ள அந்த வாயை அடச்சிட்டீங்க.”

அன்று மாலை தீர்த்தகிரி ஷிப்டு முடிந்து வந்தான். கையில் ஒரு டின். பிரசவத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, ஆனாலும் வாங்கிவிட்டான். பரிசுக் குடத்துக்கு மேலே இருந்த அலமாரியில் வைத்தான். முனிலட்சுமி பள்ளிக்கூடத்தில் பார்த்ததையும் டாக்டர் சொன்னதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் முகம் சிவந்தது.

“எவன் எச்சிலப் போட்டான்? பேரச் சொல்லு, நாளைக்கு வாத்தியாரக் கேக்கறன்.”

“போட்டவன உடு மாமா. தின்னவன ஆரு பண்ணா?”

“நானா பண்ணன்? நான் ஊட்டனது குத்தமா? ஒரு வேள அவன் பசின்னு அழுதிருப்பானா? ஊரக் கேளு. எந்தப் புள்ள இந்த லைன்ல நெய்யி தின்னிச்சி?”

“இந்தப் புள்ளைக்கு நான்தான் பாலு குடுப்பன். டின்ன எடுத்துரு.”

“மறுபடியும் அதையே சொல்ற பாத்தியா? அந்தப் பால நம்பித்தான் எந்தம்பி செத்தான்.”

எட்டு ஆண்டுகள் அவள் தொண்டையில் கிடந்தது அப்போது வெளியே வந்தது. குரல் உயரவில்லை.

“உங்கம்மாளுக்கு ரவிக்க நனையுதுன்னு நீதான சொன்ன. கரைல புள்ள அழுதிச்சின்னும் நீதான சொன்ன. இவ்ளோ கிட்ட பாலு, இவ்ளோ கிட்ட வாயி. நடுவுல ஆரு நின்னான்? வரிசை முடியற வரைக்கும் ஏறக் கூடாதுன்னானே, அவன் நின்னான். பாலு கொல்லல மாமா. பாலக் குடுக்க உடாதவன் கொன்னான். அவன ஒரு வார்த்த கேக்காம, பாலத் தள்ளி வெச்ச. எம்மாரக் கட்டின. எம்புள்ள மூக்கப் புடிச்ச. கடைசில அவன் கையாலயே கொடத்த வாங்கியாந்து வூட்டுல வெச்சிருக்கற. எங்கூட்டுப் புள்ளையாட்டம் இருக்குதுன்னு அவன் சொல்றப்ப பல்லக் காட்டிக்கிட்டு நின்ன. உன் துண்டு எங்க இருந்திச்சின்னு உனக்குத் தெரியுமா?”

தீர்த்தகிரி கை ஓங்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றவன், தோளைத் தொட்டுப் பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். போனவன் டின்னை எடுத்துப் போகவில்லை.

மிச்சமிருந்த ஆறு மாதமும் அந்த டின் அலமாரியில் இருந்தது. அவள் தினமும் அதன் எதிரில் நின்று, வரப்போகும் சண்டைக்கான சொற்களை மனத்துக்குள் அடுக்கினாள். கையை உடைத்தாலும் புட்டி கொடுக்கமாட்டேன் என்று சொல்லவேண்டும். மல்லிகையை வீட்டுக்குள் கொண்டுவந்தால் அடுப்பில் போடுவேன் என்று சொல்லவேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிங்காரப்பேட்டை போய்விடுவேன், திரும்பமாட்டேன் என்று சொல்லவேண்டும். வெங்கடம்மாவிடம் ஒத்திகையும் பார்த்தாள். “அப்பிடியே பேசுமே, நான் வாசல்ல நிக்கறன், அவன் வாயத் தொறந்தா முறத்தால போடறன்,” என்றாள் வெங்கடம்மா.

தை மாதம் பிறந்தது பெண்.

துணை சுகாதார நிலையத்துக் கட்டிலில் பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டு, கதவையே பார்த்துக் கிடந்தாள் முனிலட்சுமி. தீர்த்தகிரி வந்தான். பிள்ளையின் முகத்தை விலக்கிப் பார்த்தான். சீம்பால் உதட்டோரம் மஞ்சளாக வழிந்தது. முனிலட்சுமி அடுக்கி வைத்த சொற்களின் முதல் சொல்லை நாக்கின் நுனிக்குக் கொண்டுவந்தாள்.

“பொட்டப் புள்ளதான,” என்றான் அவன். “தாயிப்பாலே போதும். டின்னக் கடையில திருப்பிக் குடுத்துர்றன்.”

சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கப் போனான். ஜன்னலோரம் நின்ற நாராயணம்மா திரும்பிப் பார்த்தாள். வெங்கடம்மா முறத்தைக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தாலும் அதற்கு வேலை இல்லை. முனிலட்சுமி சிரித்தாள். தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தாள். எட்டு ஆண்டுகளாகக் கேட்டது கிடைத்துவிட்டது. அன்பு மறுத்ததை அலட்சியம் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிற்று. மகனுக்குத் தாயின் பால் தாழ்ந்தது. மகளுக்கு உயர்ந்த டின் எதற்கு? வென்றவள் அவள்தான். அந்த வெற்றியை எடுத்து எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. பால் சுரந்தது. சேலை நனைந்தது. இந்தமுறை குறுக்கே யாரும் நிற்கவில்லை. நிற்கும் அளவுக்கு அந்தப் பிள்ளை யாருக்கும் பொருட்டாக இல்லை.

காவேரி என்று பெயர் வைத்தாள். தீர்த்தகிரி ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அவளை எடைக்குத் தூக்கிப் போகவில்லை. மாதத்துக்கு ஒருமுறை நாராயணம்மாதான் கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்து, “சரியா இருக்காம்மா, கூடவும் இல்ல, கொறையவும் இல்ல,” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஆறு மாதம் ஆயிற்று. மறுபடியும் ஆடி, மறுபடியும் சாரல். கல்நார்க் கூரையில் காற்று விசில் அடித்துக்கொண்டிருந்த காலையில், தீர்த்தகிரி முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான். டாக்டர் சொன்னபடி முனிலட்சுமி மகனுக்குத் தட்டில் ஒரு களி உருண்டையும் கீரைக் குழம்பும் வைத்துவிட்டு, எதிரில் சுவரில் சாய்ந்து மகளுக்குப் பால் கொடுத்தாள். நெய்யும் பன்னும் கொடுப்பதை அவள் தன் பங்குக்கு நிறுத்திவிட்டாள். ஆனாலும் தகப்பன் ஷிப்டு முடிந்து வரும்போது பொட்டலமாக எதையாவது கொண்டுவருவான். வாசலுக்கு வெளியிலேயே மகன் கையில் கொடுத்துவிடுவான். வாயில் வைக்கும்வரை நின்று பார்ப்பான்.

காவேரி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து இழுப்பது நின்றது. வாயை எடுத்தாள். தலையைத் திருப்பிக்கொண்டு, விசிலடிக்கும் காற்றைக் கேட்பவள்போலக் கூரையைப் பார்த்தாள். காம்பிலிருந்து இன்னும் பால் சொட்டிக்கொண்டிருந்தது. முனிலட்சுமி மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டு மாராப்பை இழுத்து மூடினாள்.

ஆஞ்சப்பன் கையில் எடுத்த களியோடு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அம்மா, பாப்பா மிச்சம் வெக்கறா.”

“வெக்கட்டும்டா.”

“நீ மூக்கப் புடிக்கலையா?”

“இல்லடா சாமி.”

“ஏம்மா?”

“அவளுக்குப் போதும். அதான் வாய எடுத்துக்கினா.”

“போதும்னு அவளுக்கு ஆரு சொன்னா?”

முனிலட்சுமிக்கு நர்ஸ் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. எட்டரை வயதுப் பிள்ளையிடம் சொல்லும்படியாக அதில் ஒன்றும் இல்லை.

“ஆரும் சொல்லலடா. உள்ளருந்து தெரியும். நீயும் போதும்னா வெச்சிரு கண்ணு. அப்பா இல்ல. ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அவன் கையிலிருந்த களியைத் தட்டில் வைத்தான். வயிற்றின்மேல் கையை வைத்து, கதவைத் தட்டிவிட்டு உள்ளே ஆள் இருக்கிறதா என்று காத்து நிற்பவனைப்போல, அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு தட்டைப் பார்த்தான். தாயின் முகத்தைப் பார்த்தான்.

“அம்மா,” என்றான். “எனக்குப் போதுமாம்மா?”